சேர்வராயன் மலையில் நோய்க்கு விடை சொன்னவர்கள்

உடம்புக்கு என்ன வந்திருக்கிறது, எதனால் வந்தது, இனி என்ன செய்வது என்று கேட்க சேர்வராயன் மலை மக்களுக்கு ஒவ்வொரு காலத்திலும் யாராவது ஒருவர் இருந்திருக்கிறார். பச்சிலை வைத்தியர், கோயில் பூசாரி, தோட்டத்துக் கம்பவுண்டர், அரசு ஆஸ்பத்திரி டாக்டர், வீடு தேடி வரும் நர்ஸம்மா, தொலைபேசியில் பேசும் 104 ஆலோசகர் என்று அந்த வரிசை நீள்கிறது. தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் சாட்பாட் இப்போது அதன் கடைசியில் வந்து நிற்கிறது. மருத்துவக் கேள்விகளுக்குச் சாட்பாட் தரும் பதில்கள் கேட்பவர்களுக்குத் திருப்தியாக இருக்கின்றன என்று ஆய்வுகள் சொல்லத் தொடங்கிவிட்டன. அந்தத் திருப்தியை எடைபோட இந்த மலையின் பழைய அனுபவம் நல்ல துணை. இங்கே திருப்தி தந்த விடைகள் எல்லாம் சரியான விடைகளாக இருந்ததில்லை. சரியான விடை சொன்ன எல்லோரையும் மக்கள் நம்பியதுமில்லை. இரண்டும் ஒன்றுசேர்ந்த இடங்களில் விடை சொன்னவர் முதலில் நோயாளியைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். சொல்லிவிட்டு ஒதுங்காமல் அடுத்த படிவரை கூட வந்திருக்கிறார்.

சேலத்துக்கு வடக்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாக எழும் சேர்வராயன் மலையின் பரப்பு ஏறத்தாழ 380 சதுர கிலோமீட்டர். ஏற்காடு ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் உள்ள உச்சி 1,623 மீட்டர். சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காடு ஊரைத் தாண்டினால் நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை, செம்மநத்தம், வேலூர், மாரமங்கலம் என்று ஊராட்சிகள், அவற்றுக்குள் பள்ளத்திலும் மேட்டிலும் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள். இங்கே பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் வழியினர் தாங்கள் என்பது அவர்கள் மரபு. பேசுவது தமிழ், கேரளத்தோடு தொடர்பு இல்லை. கல்வராயன், கொல்லி, பச்சை, சவ்வாது மலைகளிலும் அவர்கள் பரவியிருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் பழங்குடிகளில் அதிக எண்ணிக்கை கொண்டவர்கள் அவர்களே, சுமார் 3.5 லட்சம் பேர்.

மருத்துவத்தைப் பொறுத்தவரை இந்த நில அமைப்பின் பொருள் ஒன்றுதான். கேள்வி பிறக்கும் இடத்துக்கும் விடை கிடைக்கும் இடத்துக்கும் நடுவில் எப்போதும் ஒரு நடை இருந்தது. சாலை வருமுன் நடக்க முடியாத நோயாளியைக் கம்பில் போர்வையைக் கட்டி டோலியாக்கி, நான்கு பேர் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். அப்படித் தூக்கிக் கிளம்புவது ஒரு குடும்பத்துக்குப் பெரிய முடிவு. வேலை போகும், ஆள் சேர்க்க வேண்டும், கீழே போய்ச் சேர்ந்தால் தங்க இடம் வேண்டும். ஆகவே மலையில் கேட்கப்படும் மருத்துவக் கேள்வியின் அடியில் எப்போதும் இன்னொரு கேள்வி இருந்தது: இறங்க வேண்டுமா, இங்கேயே பார்த்துக்கொள்ளலாமா? அதற்கு விடை சொல்லத் தெரிந்தவரே மலையில் நல்ல வைத்தியர்.

முதலில் அதைச் சொன்னவர்கள் ஊர்ப் பச்சிலை வைத்தியர்கள். அவர்கள் அறிவு குடும்பத்துக்குள் வாய்வழியே கைமாறியது. இருமலுக்கு ஆடாதொடை, காய்ச்சலுக்கு நிலவேம்பு, மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி, சளிக்குத் தூதுவளை, குழந்தையின் வயிற்றுப் பொருமலுக்குச் சுட்ட வசம்பு என்பவை தமிழகம் முழுவதும் தெரிந்தவை. மலைக்கே உரியதாகச் சொல்லத்தக்கது முடவாட்டுக்கால். பெரணி இனத்தைச் சேர்ந்த இந்தக் கிழங்கு பாறைமேலும் மரத்தின்மேலும் ஒட்டிப் படரும். வெளியே பழுப்பு நிறத்தில் முடி அடர்ந்திருப்பதால் பார்ப்பதற்கு ஆட்டுக்காலேதான். கத்தியால் தோலைச் சீவினால் உள்ளே வெளிறிய பச்சையில் சதை தெரியும். அதைத் துண்டாக்கி மிளகு, சீரகம், சின்ன வெங்காயத்தோடு கொதிக்கவைத்து வடித்தால் மூட்டுவலிக்கான சூப். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் சுற்றுலாப் பயணிகள் இன்று அதைக் கடையில் வாங்கிப் போகிறார்கள். கிழங்கு கீழே இறங்குகிறது. யாருக்கு, எந்த மூட்டுக்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்டு அறியும் பழக்கம் மலையிலேயே நின்றுவிடுகிறது.

சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று ஒரு முறை உண்டு. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் ஆகிய எட்டையும் பார்த்த பிறகே நோயைத் தீர்மானிக்க வேண்டும். மலை வைத்தியர்கள் ஏடு படித்த சித்தர் மரபினர் அல்லர் என்றாலும் அவர்கள் கையாண்டதும் இதே வகை நிதானம்தான். பசிக்கிறதா, தூக்கம் உண்டா, வீட்டில் வேறு யாருக்காவது இதே தொல்லையா, நேற்று எந்தக் காட்டுக்குப் போனாய், என்ன தின்றாய் என்று வைத்தியர் கேட்பார். கேள்விகள் நோயாளியைப் பற்றியவை மட்டுமல்ல. அவர் குடும்பம், நிலம், வேலை எல்லாமே அதற்குள் வரும். ஒரே ஊரில் வாழ்பவருக்குப் பாதி விடை முன்பே தெரியும். கேட்கப்படாமலே தெரிந்திருக்கும் அந்தப் பாதிக்கு மருத்துவத்தில் பெரிய மதிப்பு உண்டு.

கடந்த சில பத்தாண்டுகளில் தாவரவியலாளர்கள் இந்த அறிவைத் தொகுத்திருக்கிறார்கள். சேர்வராயன் மலையாளிகள் பயன்படுத்தும் மூலிகைகளைப் பற்றி 2006இல் வந்த கட்டுரை உட்படப் பல ஆய்வுகள் அச்சில் உள்ளன. செடியின் பெயர், குடும்பம், பயன்படும் பகுதி, தீர்க்கும் நோய் என்று அவை வரிசைப்படுத்துகின்றன. அந்த உழைப்பு இல்லாவிட்டால் பல பெயர்கள் ஒரு தலைமுறையோடு போயிருக்கும். ஆனால் எந்த நோயாளிக்கு வைத்தியர் அந்த மூலிகையைக் கொடுக்காமல் விட்டார், எதைக் கண்டதும் ‘இது என் கையில் இல்லை, கீழே கொண்டுபோ’ என்றார் என்பது பட்டியலில் ஏறவில்லை. இந்த விடுபாட்டின் விலை இயந்திரங்களின் காலத்தில் கூடியிருக்கிறது. எழுத்தில் ஏறியதை மட்டுமே அவை கற்றுக்கொள்கின்றன.

வைத்தியரிடம் தீராத கேள்வி சேர்வராயன் சன்னிதிக்குப் போகும். உச்சியில் உள்ள குகைக் கோயிலில் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் மே மாதம் திருவிழா. பூ வைத்துக் கேட்பது, குறி கேட்பது, அம்மை கண்டால் வேப்பிலை கட்டி விலகி இருப்பது போன்ற வழக்கங்கள் நோயை ஊர் முழுவதும் அறிந்த செய்தியாக்கின. சாமி சொன்ன விடை உடலைக் குணமாக்கியதோ இல்லையோ, நோயுற்றவரைத் தனியே விடவில்லை. அம்மை வீட்டுக்கு வெளியார் போகாமல் இருந்தது தொற்றைக் குறைக்கவும் செய்தது. மறுபக்கம், பாம்புக் கடிக்கு மந்திரித்துக் கட்டிய நேரம் எத்தனையோ உயிர்களைத் தின்றது. மனம் நிறைந்த விடைக்கும் உயிர் காத்த விடைக்கும் இடையே உள்ள தூரத்துக்கு இதைவிடக் கடுமையான சான்று மலையில் இல்லை.

19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் வேறு ஒரு மருத்துவக் கேள்வியோடு மலை ஏறினார்கள்: இந்தக் காற்று உடம்புக்கு நல்லதா? 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பியையும் ஐரோப்பியப் பழமரங்களையும் கொண்டுவந்தார். உதகையைவிடச் செலவு குறைந்த ஓய்விடம் என்ற பெயர் ஏற்காட்டுக்கு வந்தது. மலை உச்சி குளிர்ச்சி. அடிவாரமோ காய்ச்சலின் வீடு. அந்தக் காய்ச்சலுக்குக் காரணம் அழுகும் இலைகளிலிருந்து எழும் கெட்ட காற்று என்று அன்றைய மருத்துவம் நம்பியது. மலைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று உள்ளூரார் சொன்னார்கள். இரண்டும் கேட்பவரைச் சமாதானப்படுத்தின, இரண்டும் தவறு. 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட பிறகுதான் காரணம் தெளிவானது. ஓடைகளின் தெளிந்த நீரில் பெருகும் கொசுவகை ஒன்று தென்னிந்திய மலையடிவாரங்களில் காய்ச்சலைப் பரப்பியது. ஆயினும் இருட்டிய பிறகு அடிவாரத்தில் தங்காதே என்ற பழைய அறிவுரை, காரணம் தவறாக இருந்தபோதும், உயிர்களைக் காத்திருக்கும். கொசு கடிக்கும் நேரம் இரவுதானே.

இந்தக் காலத்தின் மருத்துவர்களில் மலையோடு சேர்த்து நினைக்கத்தக்கவர் ஜான் ஷார்ட். சென்னை மாகாணத்தின் அம்மைகுத்துத் துறைக்குத் தலைவராக இருந்தவர், 1864இல் தென்னிந்தியக் காப்பிப் பயிர் பற்றிக் கையேடு எழுதியவர், தென்னிந்திய மலைத்தொடர்கள் பற்றிய தம் நூலில் சேர்வராயன் மலையையும் விவரித்தவர். அவர் துறையின் ஆட்கள் ஊர் ஊராகப் போய் அம்மை குத்தினார்கள். ஊசி சரியானது. ஆனால் ஏன் குத்துகிறோம், குத்திய இடம் ஏன் புண்ணாகிறது என்று மக்கள் மொழியில் உட்கார்ந்து சொன்னவர்கள் குறைவு. சரியான விடை நம்பிக்கை பெறாமல் போனதற்கு இது ஒரு மாதிரி. பெரியம்மை இந்தியாவில் 1975இல் முடிவுக்கு வந்தபோது, கதவைத் தட்டிப் பேசிய பணியாளர்களின் உழைப்பும் அதன் பின்னே இருந்தது.

குவினைன் விஷயத்தில் நிலைமை சற்று மேல். நீலகிரியில் 1860களில் சிங்கோனா மரம் பயிரானது. 1892இல் வங்காளத்தில் தொடங்கிய முறைப்படி தபால் நிலையங்களில் காசுக்கு ஒரு பொட்டலம் குவினைன் விற்கும் ஏற்பாடு மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. மருத்துவரைப் பார்க்காமல், பொட்டலத்தில் அச்சிட்ட குறிப்பை நம்பி மருந்து உண்ணும் பழக்கம் எளிய மக்களிடம் இப்படித்தான் வேரூன்றியது. எழுதப்பட்ட விடை, ஆள் இல்லாமலே ஊருக்குள் வந்துவிட்டது.

அந்த எழுத்து எந்த மொழியில் இருக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் யாழ்ப்பாணத்தில் கிடைத்தது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவமனை நடத்தியதோடு தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, பிள்ளைப்பேறு, அறுவை, வேதியியல் என்று பாடநூல்களைத் தம் மாணவர்களோடு சேர்ந்து தமிழாக்கினார். ஆங்கிலத்தில் படித்த மருத்துவன் நகரத்துக்குப் போய்விடுவான், தமிழில் படித்தவன் தன் ஊரில் தன் மக்களோடு இருப்பான் என்பது அவர் கணக்கு. அதே யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத் தமிழாக்கத்தில் ஈடுபட்ட பீட்டர் பெர்சிவல் பின்னாளில் சென்னைக்கு வந்து, தமிழில் ‘தினவர்த்தமானி’ என்ற இதழை நடத்தி, 1882இல் ஏற்காட்டில் காலமானார். பொதுத் தமிழில் அறிவைச் சொல்லும் உரைநடைக்காக உழைத்த ஒருவரின் கடைசி நாட்கள் இந்த மலையில் கழிந்தன என்பது நினைவில் வைக்கத்தக்கது. நோயாளி தன் மொழியில் கேட்டுத் தன் மொழியில் விடை பெறுவது கருணையால் கிடைப்பதல்ல, மருத்துவத்துக்கு அடிப்படைத் தேவை என்பதைக் கிறீன் 150 ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிவிட்டார்.

காப்பித் தோட்டங்கள் பெருகியதும் கம்பவுண்டர் வந்தார். பெரிய தோட்டங்களில் மருந்தறை இருக்கும். காலையில் பெயர் கூப்பிடும் நேரத்தில் உடம்பு முடியாதவர்கள் அங்கே வரிசையில் நிற்பார்கள். கொண்டுவந்த கண்ணாடிப் புட்டியைக் கழுவிச் சிவப்பு மிக்சரை ஊற்றி, பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒன்றை ஒட்டிக் கொடுப்பார் கம்பவுண்டர். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அளவு தவறாது. நோயாளிக்கு மருந்து எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்று யோசித்தவர் யாரோ, அவர் பெயர் தெரியாவிட்டாலும் மருத்துவ வரலாற்றில் மரியாதைக்குரியவர். கம்பவுண்டருக்கு இன்னொரு முகமும் இருந்தது. அவர் தோட்டத்தின் சம்பளக்காரர். வேலைக்குப் போகலாமா கூடாதா என்ற விடையும் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். விடை சொல்பவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்ற சிக்கல் அன்றே மருந்தறைக்குள் நின்றுகொண்டிருந்தது.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கியது. ஆனால் குறிப்பிட்ட பரப்புக்கும் ஆள் எண்ணிக்கைக்கும் மேற்பட்ட தோட்டங்களுக்கே அது பொருந்தியது. முதலில் 25 ஏக்கரும் 30 தொழிலாளரும் என்று இருந்த வரம்பு 1981 திருத்தத்தால் 5 ஹெக்டேரும் 15 தொழிலாளரும் என்று இறங்கியது. சேர்வராயனில் சிறு காப்பித் தோட்டங்களும், தன் நிலத்தில் மிளகும் காப்பியும் வைத்த மலையாளிக் குடும்பங்களும் ஏராளம். அவர்களுக்குச் சட்டம் விடை தரவில்லை. அரசுதான் வர வேண்டியிருந்தது.

அரசு வந்த விதங்களில் மலையின் நம்பிக்கையை அதிகம் பெற்றது கிராம சுகாதார செவிலியர் என்ற ஏற்பாடு. சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று என்றிருக்கும் துணை சுகாதார நிலையம், மலைப் பகுதிகளில் 3,000 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 30,000, மலையில் 20,000. எண்கள் காகிதத்தில் இருந்தாலும் ஊருக்குள் அவற்றின் உருவம் ஒரு பெண். பதிவேட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக நடக்கும் நர்ஸம்மா. கர்ப்பிணிக்கு ‘பிக்மி’ எனப்படும் கர்ப்பப் பதிவு எண் எடுத்துத் தருவதிலிருந்து குழந்தைக்குத் தடுப்பூசித் தேதி நினைவூட்டுவது வரை அவர் வேலை. அவரிடம் கேட்கப்படும் கேள்விகள் மருத்துவமனையில் கேட்கப்படாதவை. மாமியார் பத்தியம் என்கிறார், முட்டை தின்னலாமா? வலி விட்டு விட்டு வருகிறது, இன்றே கிளம்பவா? கால் வீங்கியிருக்கிறதா, தலை சுற்றுகிறதா, குழந்தை அசைகிறதா என்று அவர் திருப்பிக் கேட்பார். பதிலைப் பொறுத்து வண்டிக்குச் சொல்வார். பிரசவ நாள் நெருங்கிய மலைப் பெண்கள் முன்கூட்டியே வந்து தங்குவதற்கான அறைகள் தமிழக மலைப் பகுதிகளின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஏற்படுத்தப்பட்டதும் இந்த அனுபவத்தின் விளைவுதான். வலி கண்ட பிறகு இறங்குவது காலம் கடந்த விடை என்பதை நர்ஸம்மாக்கள் அறிந்திருந்தார்கள். தமிழ்நாட்டில் ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் முக்கியமாக மலை, பழங்குடிப் பகுதிகளில் அமர்த்தப்பட்டதற்கும் இதே காரணம்.

நேருக்கு நேர் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளுக்கு வேறு வாசல் தேவைப்பட்டது. தமிழ் வார இதழ்களின் டாக்டர் பதில்கள் பகுதிக்குப் பெயர் போடாமல் கடிதம் எழுதியவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். 1990களின் இறுதியில் விஜய் தொலைக்காட்சியின் ‘புதிரா புனிதமா’ நிகழ்ச்சியில் மனநல மருத்துவர் மாத்ருபூதம் பாலியல் சந்தேகங்களுக்கு வெளிப்படையாக விடையளித்தபோது, தமிழ் வீடுகளில் அதுவரை வாய் திறக்காத ஒரு பக்கம் பேசத் தொடங்கியது. முகம் தெரியாதவரிடம் கேட்பதில் ஒரு விடுதலை உண்டு. சாட்பாட்டிடம் மக்கள் மனம்விட்டுக் கேட்பதன் வேர் இங்கேயே இருக்கிறது.

சேலத்தில் 1986இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததும் மலைக்குக் கீழே சிறப்பு மருத்துவம் எட்டும் தொலைவுக்கு வந்தது. 2008இல் 108 ஆம்புலன்ஸ், 2013 இறுதியில் 104 மருத்துவ ஆலோசனை எண் என்று தொலைபேசி மருத்துவத்துக்குள் நுழைந்தது. 2020 மார்ச் 25 அன்று, கொரோனா ஊரடங்கின் முதல் நாளில், ஒன்றிய அரசு தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அடுத்த மாதமே இ-சஞ்ஜீவனி வழியாக வீட்டிலிருந்தே மருத்துவரைக் கேட்கும் வசதி தொடங்கியது. அந்த ஆண்டு அதை மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலம் தமிழ்நாடு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ எதிர்த் திசையில் நடந்தது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்தன. 2020 நெறிகளில் ஒரு வரையறை முக்கியமானது. செயற்கை நுண்ணறிவு சார்ந்த தளங்கள் தாமே நோயாளிக்கு ஆலோசனை கூறவோ மருந்து எழுதவோ கூடாது, பதிவுபெற்ற மருத்துவருக்கு உதவலாம் என்று அது சொன்னது. சாட்ஜிபிடி வெளிவருவதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கும் மேலாக முன்பு எழுதப்பட்ட வரி அது.

இயந்திரம் நோயாளியோடு பேசும் முயற்சி அதைவிடப் பழையது. 1966இல் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் உருவாக்கிய எலிசா என்ற நிரல், மனநல மருத்துவரைப் போல நோயாளியின் சொல்லையே கேள்வியாகத் திருப்பிப் போட்டது. அதற்கு எதுவும் தெரியாது. ஆனாலும் அவருடைய செயலாளர் அதனோடு தனியாகப் பேச வேண்டும், அறையை விட்டுப் போங்கள் என்று அவரிடமே கேட்டுக்கொண்டார். 1970களில் ஸ்டான்ஃபோர்டில் உருவான மைசின் நேர்மாறானது. மூளைக்காய்ச்சல் நோயாளிகளுக்கு அது பரிந்துரைத்த சிகிச்சையை யார் சொன்னது என்று மறைத்து நிபுணர்களிடம் காட்டியபோது, மருத்துவர்கள் சிலருடையதைவிட அதன் பரிந்துரை மேல் என்றார்கள். இருந்தும் எந்த மருத்துவமனையிலும் அது நடைமுறைக்கு வரவில்லை. அறிவு இல்லாமல் மனத்தைத் தொட்டது ஒன்று, அறிவு இருந்தும் மனிதரைச் சென்றடையாதது மற்றொன்று. மலையின் பழைய கதை ஆய்வகத்திலும் நடந்திருக்கிறது.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தது. 2024 ஜூனில் மெட்டா ஏஐ இந்தியாவில் வாட்ஸ்அப்புக்குள்ளேயே நுழைந்தது. நல்ல சிக்னல் உள்ள மேட்டில் நின்றால் சேர்வராயன் சிற்றூர்க்காரரும் கேட்கலாம். திருப்தி பற்றிய பேச்சைத் தொடங்கிவைத்தது 2023 ஏப்ரலில் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்த ஆய்வு. பொதுமக்கள் இணையத்தில் கேட்ட 195 கேள்விகளுக்கு மருத்துவர்கள் எழுதிய பதில்களையும் சாட்ஜிபிடியின் பதில்களையும் மருத்துவத் துறையினர் ஒப்பிட்டார்கள். 78.6 விழுக்காடு மதிப்பீடுகளில் இயந்திரத்தின் பதிலே மேல். பரிவுள்ள பதில்கள் என்று மதிப்பிடப்பட்டவை இயந்திரத்துக்கு 45.1 விழுக்காடு, மருத்துவர்களுக்கு 4.6. இந்த எண்களைப் படிக்கும்போது இரண்டு செய்திகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். இயந்திரத்தின் பதில்கள் சராசரியாக 211 சொற்கள், மருத்துவர்களுடையவை 52 சொற்கள். மேலும், பதில்களை மதிப்பிட்டவர்கள் கேள்வி கேட்ட நோயாளிகள் அல்லர். நேரமில்லாத மருத்துவர் பரிவைச் சொல்லில் வைக்க முடியாமல் போவது உண்மைக் குறை. கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் இரண்டு நிமிடம் கிடைத்துத் திரும்பும் மலைக்காரருக்கு, பொறுமையாக 200 சொல் பேசும் ஒன்று இனிப்பாகவே இருக்கும். அதை அறியாமை என்று தள்ளுவது நியாயமல்ல.

அந்த இனிப்பு எங்கே கசக்கிறது என்பதை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1,298 பேருக்கு நோய்ச் சூழல்களை எழுதிக் கொடுத்து, என்ன நோயாக இருக்கலாம், எங்கே போக வேண்டும் என்று முடிவெடுக்கச் சொன்னார்கள். அதே விவரங்களை நேரடியாக இயந்திரத்திடம் கொடுத்தபோது அது 94.9 விழுக்காடு சூழல்களில் நோயைச் சரியாக அடையாளம் கண்டது. அந்த இயந்திரத்தின் துணையோடு மனிதர்கள் கேட்டறிந்தபோது 34.5 விழுக்காட்டுக்கும் குறைவு. இயந்திரம் இல்லாமல் தேடியவர்களைவிட அவர்கள் மேலாகச் செய்யவில்லை. என்ன காரணம்? எந்த விவரம் முக்கியம் என்று நோயாளிக்குத் தெரியாது. பாதியைச் சொல்லாமல் விட்டார்கள். இயந்திரம் சொன்ன பலவற்றில் எதை எடுப்பது என்றும் தெரியவில்லை. நர்ஸம்மா கால் வீக்கத்தைக் கேட்பது போலவோ, வைத்தியர் நேற்றுப் போன காட்டைக் கேட்பது போலவோ அங்கே கேள்வி வரவில்லை. முழு விவரத்தோடு வரும் நோயாளி தேர்வுத் தாளில்தான் இருக்கிறார். மலையில் வருபவர் ‘உடம்பு ஒரு மாதிரியா இருக்கு’ என்றுதான் தொடங்குவார்.

மொழியும் சேர்ந்துகொள்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2024 ஏப்ரலில் அறிமுகப்படுத்திய ‘சாரா’ என்ற உரையாடும் இயந்திரம் எட்டு மொழிகளில் பேசியது. இந்தி உண்டு, தமிழ் இல்லை. தமிழில் பதிலளிக்கும் இயந்திரங்களும் ஆங்கிலத்தில் குவிந்துள்ள எழுத்திலிருந்தே பெரும்பாலும் கற்றவை. சேர்வராயன் பேச்சில் வரும் ‘நெஞ்சு கரிக்குது’, ‘மேலு வலிக்குது’, ‘வாயு புடிச்சிருக்கு’ போன்ற தொடர்கள் ஒவ்வொன்றும் பல நோய்களைக் குறிக்கக்கூடியவை. நெஞ்சு கரிப்பது செரிமானக் கோளாறாகவும் இருக்கும், மாரடைப்பாகவும் இருக்கும். பிரித்தறிவது அகராதியால் முடியாது, அடுத்தடுத்த கேள்வியால்தான் முடியும்.

இவற்றுக்கு நடுவே நம்பிக்கை தரும் முயற்சி ஒன்று தென்னிந்தியாவிலேயே உண்டு. கோவையில் தொடங்கிய சங்கரா கண் மருத்துவமனையின் பெங்களூரு கிளையும் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவும் சேர்ந்து, கண்புரை நோயாளிகளுக்காக வாட்ஸ்அப்பில் ‘கேட்டராக்ட்பாட்’ என்ற சாட்பாட்டை உருவாக்கின. தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் ஆகிய ஐந்து மொழிகளில் எழுதியோ பேசியோ கேட்கலாம். மருத்துவமனையின் மருத்துவர்கள் தொகுத்த தகவலிலிருந்து மட்டுமே அது பதில் எடுக்கிறது. பதில் உடனே வரும், ஆனால் இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்ற குறியோடு. பின்னர் மருத்துவர் தம் கைப்பேசியில் அதைப் பார்த்து ஒப்புக்கொண்டால் பச்சை டிக் விழும். தவறென்றால் திருத்திய பதில் போகும், திருத்தம் தகவல் தொகுப்பிலும் சேரும். தலைக்குக் குளிக்கலாமா, சமையல் செய்யலாமா, சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்பது போல டாக்டரிடம் கேட்கத் தயங்கும் சின்னச் சின்னச் சந்தேகங்களை நோயாளிகளும் உடன் வந்தவர்களும் அதனிடம் கேட்டார்கள். நினைத்த நேரத்தில் கேட்க முடிந்தது அவர்களுக்குப் பிடித்திருந்தது. நம்பிக்கை தந்தது டாக்டர் பார்க்கிறார் என்ற உறுதி. ராஜஸ்தானில் ஆஷா பணியாளர்களுக்காக உருவாக்கப்பட்ட ஆஷாபாட், நோயாளியிடம் நேரே போகாமல் நோயாளியைத் தெரிந்தவரின் கையில் கருவியைக் கொடுக்கிறது. மலைக்குப் பொருந்தும் வழி இதுதான் என்று கொள்ள வலுவான காரணம் இருக்கிறது. நடந்து போகும் செவிலியர் ஏற்கெனவே இருக்கிறார். அவருக்கு இரவில் எழும் சந்தேகத்தைத் தீர்க்க ஒரு துணை இருந்தால் ஊருக்கே பயன்.

துணையே போதாத கேள்விகளும் உண்டு. காப்பிச் செடிக்கு அடியில் பழம் பொறுக்கும்போது பாம்பு தீண்டினால் தேவைப்படுவது தகவல் அல்ல. கடிபட்ட கையை அசைக்காமல் வைத்து, கீறாமல், இறுக்கிக் கட்டாமல், நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக் கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியதன் நோக்கம், எங்கே எத்தனை கடி என்று அறிந்து மருந்தை அங்கே வைப்பது. அந்த நேரத்தில் சாட்பாட் சொல்லும் மிகச் சரியான பதில்கூட, ஓட்டுநர் எடுக்கும் கொண்டை ஊசி வளைவு ஒன்றைக் குறைக்காது.

கடைசியாகப் பொறுப்பு. கம்பவுண்டர் தோட்டத்துக்கு, நர்ஸம்மா சுகாதாரத் துறைக்கு, மருத்துவர் தம் பதிவு எண்ணுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஊர் வைத்தியரின் தவறு ஊரார் கண்ணுக்குத் தப்பாது. இயந்திரத்திடம் சொன்ன நோய் விவரம் நிறுவனம் ஒன்றின் கணினிக்குப் போகிறது. அதன் பாதுகாப்புக்கு 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தவறான பதிலால் நேரும் கேட்டுக்கு யார் பொறுப்பு என்பதை அந்தச் சட்டம் பேசவில்லை. 2020 நெறிகள் வகுத்தபடி ஆலோசனையும் மருந்துச் சீட்டும் பதிவுபெற்ற மருத்துவரின் பெயரில்தான் வர வேண்டும்.